ஏட்டில் ஏறாத குற்றம்

1993-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி. இரவு மணி பத்தரை இருக்கும்.

லண்டன் நகரின் தென்கிழக்கே எல்தம் என்று ஒரு பகுதி. அங்கே பஸ்ஸுக்காக இரண்டு வாலிபர்கள் காத்து நின்றார்கள். இருவரும் கறுப்பு நிறத்தவர்கள். அவர்களில் ஒருவன் பெயர் ஸ்டீபன் லாரன்ஸ். வயது 18. படித்துக் கட்டிடக் கலைஞன் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. அவனுடைய தாயும் தந்தையும் ஜமைக்கா தீவில் பிறந்து, இங்கிலாந்தில் குடியேறி, உழைத்துப் பிழைத்தவர்கள்.

பஸ் வருகிறதா என்று பார்க்க ஸ்டீபன் சற்றுத் தள்ளிப் போனான். எதிரே ஐந்தாறு வெள்ளை வாலிபர்கள் வந்தார்கள். நிறத்தைச் சொல்லி ஒரு வசை. அடுத்த கணம் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு இடத்தில் கத்திக் குத்து விழுந்தது. ரத்தம் வழிய வழிய நூறு மீட்டருக்கு மேல் ஓடினான். பிறகு கீழே விழுந்தான். உயிர் பிரிந்தது.

குத்தியவர்களுக்கும் அவனுக்கும் முன்விரோதம் இல்லை. கொடுக்கல் வாங்கல் இல்லை. அவன் யார் வழிக்கும் போகவில்லை. கறுப்பனாகப் பிறந்தான், அந்த வழியில் நின்றான். அதுதான் அவன் செய்த குற்றம்!

இப்படிப்பட்ட கொடுமைக்கு "துவேஷக் குற்றம்" என்று பெயர். வெறுப்புக் குற்றம் என்றும் சொல்லலாம்.

திருடனும் வெறியனும்

மற்றக் குற்றங்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

திருடன் பணப்பெட்டியைப் பார்த்துத் திருடுகிறான். பெட்டிக்காரர் எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்ப்பதில்லை. பகையாளி தன் பகையாளியைத்தான் தேடிப் போகிறான். துவேஷக்காரன் அப்படி அல்ல. அவனுக்கு இன்னார் என்ற கணக்கே இல்லை. அந்த நிறத்தில் ஒருவன் கிடைத்தால் போதும். அந்தச் சாதியில், அந்த மதத்தில் ஒருவன் அகப்பட்டால் போதும்.

அதனால் அடி விழுவது ஒருவன் முதுகில். அஞ்சி நடுங்குவது ஓர் ஊர். ஸ்டீபன் இறந்த மறுநாள், அந்தப் பகுதியில் இருந்த கறுப்பு நிறத்துத் தாய்மார் அத்தனை பேரும் நினைத்திருப்பார்கள்: "நாளைக்கு என் பிள்ளை பஸ்ஸுக்கு நிற்பானே!" என்று.

ஆகவே, இத்தகைய குற்றத்தைச் சாதாரண அடிதடியோடு சேர்த்து எழுதிவிட்டால், பாதிக் குற்றம் ஏட்டில் ஏறாமலே போய்விடுகிறது. அந்தப் பாதியைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தோம்.

போலீசார் எழுதியது என்ன?

லண்டன் போலீசார் வந்தார்கள். கீழே ஒரு கறுப்பு வாலிபன் கிடக்கிறான். பக்கத்தில் இன்னொரு கறுப்பு வாலிபன் பதறுகிறான். ஏதோ சண்டை நடந்திருக்கிறது என்று நினைத்தார்கள். உயிர் தப்பிய நண்பனைப் பாதிக்கப்பட்டவனாக நடத்தவில்லை. சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள்.

மறுநாளே, யாரோ ஒருவர் ஒரு டெலிபோன் பூத்தில் கடிதம் வைத்துவிட்டுப் போனார். அதில் சந்தேகத்துக்கு உரியவர்களின் பெயர்கள் இருந்தன. வேறு சிலரும் வந்து அதே பெயர்களைச் சொன்னார்கள். ஊரார் வாய் திறந்தார்கள். போலீசாருக்குத்தான் காது கேட்கவில்லை! முதல் கைது நடந்தது மே 7-ந் தேதி. இரண்டு வாரம் ஓடிவிட்டது. இரண்டு வாரத்தில் கத்தியை ஒளிக்கலாம். துணியைத் துவைக்கலாம். சாட்சியை மிரட்டலாம்.

பிறகு "போதிய சாட்சியம் இல்லை" என்று வழக்கையே கைவிட்டார்கள். பெற்றோர் தாங்களே தனி வழக்குப் போட்டார்கள். 1996-ல் அதுவும் நிற்கவில்லை.

1997 பிப்ரவரியில் மரண விசாரணை நடந்தது. அதில் ஜூரிகள் சொன்ன முடிவு இது: எவ்விதத் தூண்டுதலும் இல்லாமல், வெள்ளை வாலிபர் ஐவர் நிறவெறியால் நடத்திய தாக்குதலில் இவன் கொல்லப்பட்டான்.

தெருவில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை, சர்க்கார் ஏட்டில் ஏற நான்கு ஆண்டு ஆயிற்று!

ஒரு வாக்கியம் செய்த வேலை

அதே 1997-ல் இங்கிலாந்து சர்க்கார் ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தது. ஓய்வு பெற்ற நீதிபதி சர் வில்லியம் மெக்பெர்சன் அதற்குத் தலைவர். 1999 பிப்ரவரி 24-ந் தேதி அறிக்கை வெளிவந்தது.

அந்த அறிக்கை போலீஸ் இலாகாவைத் தோலுரித்துக் காட்டியது. யாரோ ஓர் அதிகாரி கெட்டவர் என்று சொல்லிக் கை கழுவவில்லை. நிறபேதம் இலாகாவின் நடைமுறையிலேயே ஊறிக் கிடக்கிறது என்று கூறியது. 70 சிபாரிசுகளையும் செய்தது.

அவற்றில் ஒன்று மிக எளியது. ஒரு சம்பவம் நிறவெறிச் சம்பவம் என்று பாதிக்கப்பட்டவர் கருதினால், அல்லது வேறு யார் கருதினாலும், போலீசார் அதை அப்படியே பதிய வேண்டும் என்பதுதான் அது.

பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அதற்கு முன் எழுதுகோல் யார் கையில் இருந்தது? ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் கையில். "இது வெறும் தகராறு அப்பா" என்று அவர் எழுதினால் அதோடு சரி. அடிபட்டவன் சொல் ஏட்டில் ஏறாது. 1999-க்குப் பிறகு முதல் சொல் அடிபட்டவனுடையது ஆயிற்று.

"யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுதுவது வேறு, தீர்ப்பு வேறு. வீட்டில் நகை காணோம் என்று புகார் கொடுத்தால் போலீசார் எழுதிக்கொள்கிறார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் திருடர் ஆகிவிடுவதில்லை. விசாரணை உண்டு. சாட்சி உண்டு. கோர்ட்டு உண்டு. பதிவது, விசாரணைக்குக் கதவைத் திறந்து வைப்பது மட்டுமே.

இதிலும் எல்லை தேவை. குற்றமே ஆகாத வெறும் பேச்சுக்காக ஒருவர் பெயரைப் போலீசார் குறித்து வைத்த விவகாரம் இங்கிலாந்தில் கோர்ட்டுக்குப் போயிற்று. அந்த வழிமுறை பேச்சுரிமையைப் பாதிக்கிறது என்று 2021-ல் மேல் கோர்ட்டு கூறியது. அடிபட்டவர் சொல்லை எழுதத்தான் வேண்டும். பிடிக்காத கருத்து சொன்னவர்கள் பெயரை எல்லாம் எழுதி வைப்பது வேறு காரியம்.

சட்டமும் தண்டனையும்

எழுதினால் மட்டும் போதுமா? தண்டனை வேண்டாமா?

1998-ல் இங்கிலாந்து பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. சாதாரண அடிதடிக்கு அங்கே அப்போது உச்ச தண்டனை 6 மாதச் சிறை. அதே அடி நிறவெறியால் விழுந்தால் 2 ஆண்டு வரை சிறை என்று அந்தச் சட்டம் கூறியது. 2001-ல் மத வெறுப்பும் அதில் சேர்ந்தது. உடல் ஊனமுற்றோர் முதலானவர்களை வெறுத்துத் தாக்கினாலும் தண்டனை கூடும் என்று பின்னால் சட்டம் வந்தது.

அதில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. துவேஷத்துக்காகத் தண்டனையைக் கூட்டும் நீதிபதி, அதைத் திறந்த கோர்ட்டில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "உன் வெறுப்புக்காகவும் சேர்த்துத்தான் இந்தத் தண்டனை" என்று குற்றவாளியின் காதில் விழ வேண்டும். அடிபட்டவனும் அதைக் கேட்க வேண்டும்.

கணக்குக் கூடினால் வெட்கமா?

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டு பகுதிகளிலும் போலீசார் பதிந்த துவேஷக் குற்றங்கள் 2012-13-ல் சுமார் 42 ஆயிரம். 2023-24-ல் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம்.

"அடடா, மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டதே! நாடு கெட்டுப் போயிற்றே!" என்று தோன்றும். சில சமயங்களில் வெறுப்பு நிஜமாகவே பொங்கியது. ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதா என்று 2016-ல் ஓட்டெடுப்பு நடந்தது. அதையொட்டி இத்தகைய தாக்குதல்கள் பெருகின. ஆனால் மொத்த உயர்வில் பெரும் பங்கு வேறு காரணத்தால் வந்தது என்று அந்நாட்டு உள்துறை இலாகா கூறுகிறது. மக்கள் துணிந்து புகார் கொடுக்கிறார்கள். போலீசார் ஒழுங்காக எழுதுகிறார்கள். அதனால் கணக்குக் கூடியது.

டாக்டரிடம் போகாதவனுக்கு நோய் இல்லை என்று அர்த்தமா? சோதித்துப் பார்த்தால்தானே தெரியும்? அதுபோலத்தான் இதுவும்.

அங்கே இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. சர்க்கார் ஆட்கள் வீடு வீடாகப் போய், "போலீசுக்குப் போனீர்களோ, இல்லையோ, உங்களுக்கு என்ன குற்றம் நேர்ந்தது?" என்று மக்களையே கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் முடிந்த மூன்று ஆண்டுகளில், ஆண்டுக்குச் சராசரி 1 லட்சத்து 90 ஆயிரம் துவேஷக் குற்றங்கள் நடந்திருக்கும் என்று அந்தக் கணக்கு சொன்னது. அவற்றில் போலீசாருக்குத் தெரிய வந்தவை பாதிக்கும் குறைவு. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஏட்டில் ஏறாதது எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் சைபர்கள்

கணக்கெடுக்கச் சட்டம் இருந்தும் கணக்குச் சரியாக வராது என்பதற்கு அமெரிக்கா சாட்சி.

துவேஷக் குற்றங்களைத் தேசம் முழுவதும் எண்ண வேண்டும் என்று அங்கே 1990-லேயே சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் உள்ள போலீஸ் இலாகாக்கள் விவரம் அனுப்ப, எப்.பி.ஐ. என்ற மத்தியத் துப்பறியும் இலாகா அதைத் தொகுக்கிறது. ஆனால் அனுப்புவது அவரவர் விருப்பம்! 2019-ல் 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட போலீஸ் இலாகாக்கள் கணக்கில் கலந்துகொண்டன. அவற்றில் ஒரு சம்பவமாவது நடந்தது என்று எழுதியவை சுமார் 2 ஆயிரம்தான். மற்றவை எல்லாம் சைபர்!

2016-ல் ஒக்லஹோமா மாநிலத்தில் அரபு வம்சத்தைச் சேர்ந்த ஒருவரை, பக்கத்து வீட்டுக்காரனே இனவெறியால் சுட்டுக் கொன்றான். 2017-ல் வர்ஜீனியா மாநிலத்தில், நிறவெறியை எதிர்த்து ஊர்வலம் போன ஒரு பெண் மீது காரை ஏற்றிக் கொன்றான் ஒருவன். இரண்டும் உலகம் அறிந்த வழக்குகள். குற்றவாளிகள் தண்டனையும் அடைந்தார்கள். ஆனால் தேசத்தின் துவேஷக் குற்றக் கணக்கில் இந்த இரண்டு சாவும் இல்லை! உள்ளூரிலிருந்து அப்படி எழுதி அனுப்பவில்லை.

அந்த இருவர் பெயரையும் தாங்கி, பதிவைச் சீர்ப்படுத்த 2021-ல் ஒரு சட்டம் வந்தது. செத்தவர்கள் பெயரில் சட்டம் வந்த பிறகுதான் எண்ணுவதற்கு அக்கறை பிறந்தது.

நம் வீட்டில் எப்படி?

ஊரான் வீட்டுக் கதை பேசிவிட்டு நம் வீட்டைப் பார்க்காமல் இருக்கலாமா?

1968-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி, தஞ்சைச் சீமையில் கீழ்வெண்மணி கிராமத்தில், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து சாம்பல் ஆனார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். எல்லோரும் சேரியைச் சேர்ந்த விவசாயக் கூலிகள். கூலித் தகராறு என்று அதற்குப் பெயர் வந்தது. கூலி கேட்டது உண்மைதான். ஆனால் சாதி என்ற சொல்லைத் தள்ளிவிட்டு அந்தத் தீயை விளங்கிக்கொள்ள முடியுமா? வழக்கில் மிராசுதாரர்கள் முதலில் தண்டனை பெற்றார்கள். பிறகு ஐகோர்ட்டில் விடுதலை ஆனார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அப்போது நாட்டில் இல்லை.

1989-ல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1995-ல் அதற்கு விதிகள் வந்தன. நல்ல விதிகள். வாயால் சொன்ன புகாரைப் போலீஸ் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதைப் புகார் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். விசாரிப்பவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறைந்தவராக இருக்கக் கூடாது. வேண்டும் என்றே கடமை தவறும் அதிகாரிக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு.

2022-ல் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் என்று நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 57,582. முந்திய ஆண்டு 50,900. இந்த எண்ணைப் பார்த்து வெட்கப்பட வேண்டியதுதான். ஆனால் எண் என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் ஒரு நன்மை. சட்டம் பெயர் வைத்தது. அதனால் எண்ண முடிகிறது.

மதத்தைப் பார்த்து, மொழியைப் பார்த்து, வேற்று ஊரான் என்று பார்த்துக் கும்பல் அடித்தால்? அதற்குச் சரியான கணக்கு இல்லை. 2017-ம் ஆண்டுக்கு மத்தியக் குற்றப் பதிவு நிறுவனம் மாநிலங்களிடம் விவரம் கேட்டு வாங்கியது. ஆனால் வெளியிடவில்லை. இக்குற்றங்களுக்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை, ஆகவே விவரம் நம்பும்படி இல்லை என்று பார்லிமெண்டில் காரணம் சொல்லப்பட்டது.

விளக்கம் இல்லை என்றால் விளக்கம் எழுதுவதுதானே முறை? அளவுகோல் சரியில்லை என்று துணியை அளக்காமலே விடுவோமா?

கும்பல் கொலையைத் தடுக்க 2018 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு கட்டளைகள் பிறப்பித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இனம், சாதி, சமூகம், பிறந்த இடம், மொழி, சொந்த நம்பிக்கை முதலிய காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொலை செய்தால், ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. இது நல்ல ஆரம்பம். ஆனால் நான்கு பேர் சேர்ந்து கொன்றால் வெறுப்பு குறைந்துவிடுமா? ஒருவனே கொன்றால்? கொலை வழக்கு உண்டு, தண்டனையும் உண்டு. வெறுப்பு என்ற சொல் மட்டும் ஏட்டில் ஏறாது.

நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்ய வேண்டியவை மூன்று. துவேஷக் குற்றம் எது என்று தெளிவாக விளக்கம் எழுத வேண்டும். அடிபட்டவர் சொல்லும் காரணத்தை எப்.ஐ.ஆரில் அப்படியே பதியக் கட்டளையிட வேண்டும். ஆண்டுதோறும் கணக்கை வெளியிட வேண்டும். எண் கூடிய ஸ்டேஷனைத் திட்டக் கூடாது. சைபர் எழுதும் ஸ்டேஷனைத்தான் சோதிக்க வேண்டும்.

மக்கள் செய்ய வேண்டியதும் உண்டு. அடிபட்டவர் புகார் கொடுக்கும்போது, "அடித்தான்" என்பதோடு நிறுத்தக் கூடாது. என்ன வசை சொல்லி அடித்தான் என்பதையும் சொல்ல வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளையை உடன் அழைத்துப் போவது நல்லது. கையெழுத்துப் போடும் முன் அந்தச் சொல் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகல் வாங்காமல் வரக் கூடாது. ஸ்டேஷனில் மறுத்தால் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் எழுதலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இது சட்டம் கொடுத்த உரிமை. யாரும் போடும் பிச்சை அல்ல.

பக்கத்தில் நின்று பார்த்தவருக்கும் கடமை இருக்கிறது. லண்டனில் டெலிபோன் பூத்தில் கடிதம் வைத்தவர் போல, தெரிந்ததைச் சொல்ல வேண்டும். "நமக்கேன் வம்பு" என்று வாயை மூடினால், அந்த வம்பு நாளை நம் வீட்டுத் திண்ணைக்கும் வரும்.

பதினெட்டு ஆண்டுக்குப் பிறகு

ஸ்டீபன் கதை என்ன ஆயிற்று?

பெற்றோர் விடவில்லை. ஒரு முறை விடுதலை ஆனவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் பழைய விதி ஒன்று இருந்தது. புதிய வலுவான சாட்சியம் கிடைத்தால் விசாரிக்கலாம் என்று அதையே மாற்றினார்கள். பழைய துணிகளை மீண்டும் சோதித்தபோது, ஒரு ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஸ்டீபனின் ரத்தத் துளி அகப்பட்டது. 2012 ஜனவரியில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மற்றவர்கள் தப்பினார்கள். லண்டன் போலீஸ் இலாகாவில் நிறபேதம் இன்னும் ஊறித்தான் இருக்கிறது என்று 2023-ல் இன்னோர் அறிக்கை வந்தது. எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. எழுதாவிட்டால் எதுவுமே சரியாகாது என்றுதான் சொல்கிறோம்.

ஸ்டீபனின் தாயார் டோரீன் லாரன்ஸ் 2013 முதல் இங்கிலாந்து பிரபுக்கள் சபையின் அங்கத்தினர். ஏப்ரல் 22-ந் தேதியை அந்த நாடு அவன் பெயரால் அனுசரிக்கிறது. நான்கு ஆண்டு காலம் ஏட்டில் ஏறாத காரணம், இன்று காலண்டரிலேயே ஏறிவிட்டது.

அதற்கு ஒரு தாய் எத்தனை படி ஏறி இறங்கினாள்! நம் நாட்டுத் தாய்மாருக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். அவர்கள் ஏறும் முதல் படியிலேயே, போலீஸ் ஸ்டேஷன் வாசற்படியிலேயே, அவர்கள் சொல் எழுதப்படட்டும்.